கைப்பிடியில் மாட்டிய கிழங்குப் பை

குவைத்திலிருந்து விடுமுறைக்குக் கிளம்பிய கணவரிடம், "பிள்ளைக ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உக்காருற தள்ளுவண்டி வாங்கிட்டு வாங்க. கனமே இருக்கக் கூடாது, நான் ஒத்தைக்கு பஸ்ல தூக்கி ஏத்தணும்" என்று போனில் சொன்னேன். அப்படியே வாங்கி வந்தார்.

கருங்கல் ஊர்ச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கி, பையை வண்டியின் கைப்பிடியில் மாட்டினேன். கைப்பிடி இருப்பதே அதற்குத்தான் என்று நினைப்பு. அழுத மூத்தவளை வெளியே தூக்கியதும், பையின் கனத்தில் வண்டி பின்பக்கம் சாய்ந்தது.

"ஏட்டி, பிள்ள மறியுது!" என்று மீன்காரம்மா கத்தினார். நான் பிடிப்பதற்குள் இளையவனின் பின்தலை தரையில் இடித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பயமில்லை என்றார்கள். இப்போதெல்லாம் கிழங்குப் பையை என் இடுப்பில்தான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் இளையவன் இன்னும் அந்த வண்டியில் சாய்ந்து உட்காருவதில்லை. முன்கம்பியை இறுகப் பிடித்தபடியே வருகிறான்.