ஆர்டிஸ் அளந்த முன்சக்கரம்

வடகோடியிலுள்ள மைனாட் ஊரில் அக்டோபர் பனி தலைகாட்டியதும் வயதானவர்கள் படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டிகளை எடுத்துக்கொண்டு அரிசோனா பாலைவனத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆர்டிஸ் ஹவுகனும் பதினோரு வருஷமாக அப்படித்தான். புருஷன் இறந்த பிறகு மூன்று தடவை தனியாகவே ஓட்டிப் போயிருக்கிறாள். அதில் என்ன அதிசயம் என்று கேட்கிறவர்கள் முப்பதடி வண்டியை ஒருநாள் ஓட்டிவிட்டு வந்து கேட்கட்டும்.

இந்த வருஷம் வண்டிக்குப் பின்னால் ஒரு டிரெய்லரும் சேர்ந்துகொண்டது. உள்ளே அவளுடைய போர்வை தைக்கும் மிஷின்; பன்னிரண்டடி நீளம், முழுக்க இரும்புச் சட்டம். பாலைவன முகாமின் பெண்களெல்லாம் பாதி தைத்த போர்வைகளோடு அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

டிரெய்லரைப் பின்கொக்கியில் மாட்டியதும் வீட்டு வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது, முன்பக்கம் உயர்ந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் பனிக்கட்டிமேல் ஓட்டுவதுபோல வழுக்கியது. நாலு வண்டிகள் சேர்ந்து போகும் கூட்டத்துக்கு வென்டெல் என்ற பழைய கோதுமை விவசாயிதான் தலைவர். அவர் வந்து பார்த்தார்.

"ஆர்டிஸ், உன் வண்டி மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்குது. வழியில வயோமிங் காத்துல ரோட்டவிட்டு எறங்கிடுவ. டிரெய்லர இங்கயே விட்டுட்டு வா."

"டிரெய்லர் வரலேன்னா நானும் வரல."

"பிடிவாதக்காரி! அப்ப மிஷினப் பின்னுக்குத் தள்ளு. கொக்கி மேல பாரம் கொறையும்."

ஒரே ஒரு தடவை அவர் பேச்சைக் கேட்டாள். மிஷினைத் தள்ளிக் கட்டி, வென்டெலைப் பக்கத்தில் உட்காரவைத்து நெடுஞ்சாலைக்குப் போனாள். நாற்பத்தைந்து மைல் வேகத்தில், பின்பாரம் கூடிப்போன டிரெய்லர் நாய் வாலாட்டுவதுபோல ஆட ஆரம்பித்தது. வென்டெலின் காபி முழுதும் அவர் கால்சட்டையில்.

"பிரேக்க அழுத்து! அழுத்து!"

அவள் அழுத்தவில்லை. காலை மெல்ல எடுத்தாள். ஸ்டியரிங் பக்கத்திலிருந்த டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தினாள். ஆட்டம் அடங்கியது.

"இனிமே யோசனை சொல்றதுன்னா உன் கோதுமைக்குச் சொல்லு," என்றாள்.

மறுநாள் வண்டி செய்த கம்பெனிக்குப் போன் போட்டாள். பாரம் பங்கிடும் கொக்கி எல்லா வீட்டு வண்டியின் சட்டத்துக்கும் ஒத்துவராது, இதைக் கேட்காமல் மாட்டக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய வண்டிக்கு ஒத்துவரும் என்று சொன்னார்கள். அதை வாங்கி மாட்டினாள். மிஷினை டிரெய்லர் சக்கரங்களுக்குக் கொஞ்சம் முன்னால் கட்டினாள். கொக்கியின் இரண்டு எஃகுக் கம்பிகளையும் டிரெய்லர் சட்டத்தோடு சங்கிலியால் இழுத்துக் கட்டினாள். பின்னால் கிடந்த பாரம் அந்தக் கம்பிகளின் இழுப்பில் முன்சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் பிரிந்து போகும்.

எவ்வளவு இழுப்பது? துணி அளக்கும் டேப்பை எடுத்து முன்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவை அளந்தாள். டிரெய்லர் இல்லாதபோது தரையிலிருந்து முப்பத்துமூன்று அங்குலம். மாட்டியபோது முப்பத்தைந்து. சங்கிலியில் ஒரு கண்ணி இழுத்தாள், முப்பத்துநாலரை. இன்னொன்று, முப்பத்துமூன்றரை. அதோடு விட்டுவிட்டாள். இன்னும் இழுத்தால் பின்சக்கரத்தின் பிடி போய்விடும்.

வயோமிங்கில் காற்று லாரிகளையே சாய்த்துக்கொண்டிருந்தது. ஆர்டிஸின் ஸ்டியரிங் கைக்கு அடங்கி நின்றது. பின்னால் வந்த வென்டெலின் வண்டி, பின்னால் கட்டிய அவர் காரை இழுத்துக்கொண்டு, ரோட்டின் இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் அலைந்தது. வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவில் அவர் குரல் வந்தது.

"ஆர்டிஸ், இனிமே கூட்டத்துக்கு நீயே முன்னால போ. உன் பின்னாலயே வர்றேன்."

"நான் எப்பவோ முன்னால போயிட்டேன் வென்டெல். நீதான் கவனிக்கல."

பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"அந்த டேப்பக் கொஞ்சம் குடு."

"குடுக்கமாட்டேன். தள்ளு, நானே அளக்கறேன்."

அவருடைய வண்டியின் முன்சக்கரத்தருகே ஆர்டிஸ் மண்டியிட்டாள். மற்ற இரண்டு வண்டிக்காரர்களும் தங்கள் முறைக்கு வரிசையில் நின்றார்கள்.