பளபளவென்று தேய்த்த பவளப்பாறை

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆயுத பூஜை நாளில், சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது.

நான் ரத்தப் பரிசோதனைக்கூடம் நடத்துகிறேன். என் கணவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்த பிறகு கடையை மூடிவிட்டோம். பேச்சும் குழறிப்போனது. நாள் முழுவதும் முன்னறை நாற்காலியில் அமர்ந்து, எதிரே இருக்கும் கடல்மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல உடம்போடு இருந்தபோது அவரே ஆசையாக அமைத்த இரண்டடித் தொட்டி அது. சில பவளப்பாறைத் துண்டுகள், அவற்றின் மேல் பூவைப்போல விரியும் சின்னச் சின்னப் பவளங்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி கோமாளி மீன்கள். காலையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்ததும் பெரிய மீன் கண்ணாடியருகே வரும். அவர் இடது கை விரலை அசைப்பார், அதுவும் கூடவே அசையும். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது அந்த ஒரு நேரத்தில்தான்.

தொட்டியை நான்கடியாக மாற்றலாம் என்று முடிவு செய்தது நான். எங்கள் ஊர் வெயிலில் சின்னத் தொட்டி சீக்கிரம் சூடாகிவிடும். தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறும். தினமும் இரண்டு வேளை அளந்து பார்த்து, ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய வேண்டும். பெரிய தொட்டியில் தண்ணீர் அதிகம் என்பதால் எதுவும் சட்டென்று மாறாது என்று படித்தேன். அவர் பார்க்க நன்றாக இருக்கும் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் எனக்கு ஒரு வேலையாவது குறையாதா என்றிருந்தது. பரிசோதனைக்கூடம், சமையல், அவருக்கு மருந்து, உடற்பயிற்சி, குளியல், பிறகு மீன். அப்படித்தான் என் நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

ஆயுத பூஜையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். தறி ஓடினால் தரை அதிரும், பஞ்சுத் தூசி பறக்கும். பூஜை அன்று எல்லாம் நின்றிருக்கும். எனக்கும் விடுமுறை.

கணவரின் அக்கா, என் மதினி, கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்திருந்தார். தம்பி விழுந்த நாளிலிருந்து மாதம் ஒருமுறை வந்து சில நாட்கள் தங்கிப் போவார். முந்தின நாள் நான் டிரம்மில் தண்ணீர் நிரப்பிக் கடலுப்பைக் கலக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நம்ம ஊரு போர்த் தண்ணியே கரிக்கத்தான செய்யுது. அதுலயும் உப்ப வாங்கிப் போட்டுக் கலக்குதியே, உனக்கு வேற சோலி இல்லையா?" என்றார்.

நான் சிரித்துவைத்தேன். விளக்கவில்லை.

பூஜை அன்று காலையில் பழைய தொட்டியைப் பிரித்தேன். மீன்களை மூடி போட்ட வாளியில் விட்டுக் காற்றுக் குழாய் போட்டேன். பாறைகளைப் பழைய தண்ணீரோடு ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டியில் மூழ்கவைத்தேன். இரண்டு தறிக்காரர்கள் வந்து புதிய தொட்டியைத் தூக்கிவைத்துவிட்டுப் போனார்கள். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன். அவசரமாக ஒரு ரத்தப் பரிசோதனை. "மதினி, அவங்களப் பாத்துக்கோங்க, வந்துருதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது வீடே மணத்தது. வாசலில் மாக்கோலம். என் தையல் மெஷின், அரிவாள்மனை, மிக்ஸி, அவருடைய பழைய ஸ்பேனர்கள் எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். புதிய தொட்டியின் கண்ணாடியிலும் வெளிப்பக்கம் மூலைக்கொரு பொட்டு. நீலத் தொட்டி காலியாகக் கவிழ்ந்திருந்தது.

"வா வா," என்றார் மதினி, முகமெல்லாம் வியர்வை. "அந்தக் கல்லுல என்னா அழுக்குங்கே! பாசியும் புழுவும், ஒரே நாத்தம். நல்ல நாளும் அதுவுமா அத அப்படியேவா வைக்கது? சோப்புப் பொடி போட்டு நார் வச்சுத் தேச்சு மாடியில காயப் போட்டிருக்கேன். போய்ப் பாரு, பளபளன்னு இருக்கு. புதுத் தொட்டியையும் விளக்கிட்டேன்."

மாடிக்கு ஓடினேன். கொதிக்கும் தளத்தில், வடகம் காயவைத்ததுபோல வரிசையாகப் பாறைகள். வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒரு பவளம்கூட மிச்சமில்லை.

விஷயம் இதுதான். மீனின் கழிவு தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். அது மீனுக்கு விஷம். அந்த விஷத்தைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் பாறையின் துளைகளில்தான் குடியிருக்கும். அவை சேர்ந்து பெருக வாரக்கணக்காகும். அதையெல்லாம் மதினி சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். புதிய தொட்டியிலும் சோப்பு வழவழப்பு. மீன்களோ ஒரு வாளித் தண்ணீரில்.

"மதினி, அந்த அழுக்குலதான் இதுகளுக்கு உயிரே இருந்துச்சு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கையிலிருந்த நாரைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். "அவன் கைய ஆட்டிக்கிட்டேதான் இருந்தான். புழுக்கமா இருக்குதோன்னு நான் ஃபேனக் கூட்டிவிட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கணவர் என்னைப் பார்க்காமல் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவரின் போனில் கடையநல்லூர்க்காரர் ஒருவரின் எண் இருந்தது. வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். கடல்மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர். நான் நேரில் பார்த்ததே இல்லை. அவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"மீனு மேல வந்து வாயத் தொறக்குதாக்கா?"

"ஆமா."

"பயப்படாதீங்க. வாளித் தண்ணியில பாதிய எடுத்துட்டு டிரம்முல இருக்கதப் பைய ஊத்துங்க. தொட்டிய வழவழப்புப் போற வரைக்கும் அலசுங்க. நான் வாரேன்."

"இல்ல பாய், நீங்க எதுக்கு அம்புட்டுத் தூரம்..."

"வாரேங்கேன்ல."

அலசினேன். ஊற்றி, துடைத்து, விரலால் தேய்த்துப் பார்த்து, மறுபடி அலசினேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. எதையும் அளந்தும் எண்ணியும் பழகிய எனக்கு அது விசித்திரம். மதினி இருந்த அடுக்களைப் பக்கம் நான் போகவே இல்லை.

வெயில் தாழ்ந்தபோது கடையநல்லூர்க்காரர் காரில் வந்தார். மீன்கடைத் தெர்மகோல் பெட்டி ஒன்றை இறக்கினார். உள்ளே உப்புத் தண்ணீரில் நனைத்த செய்தித்தாளில் சுற்றிய பாறைகள். பச்சையும் ஊதாவுமாகப் பாசி படிந்து, கடல் நாற்றத்தோடு இருந்தன. தன் தொட்டியிலிருந்து பாதியை எடுத்து வந்திருந்தார்.

"உங்க தொட்டிக்கு?"

"எனக்கு இருக்கது போதும்க்கா. விட்டா அதுவா பெருகிக்கிடும்."

தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பாறைகளை அடுக்கி, மீன்களை மெதுவாகப் பழக்கி உள்ளே விட்டோம். சின்னது ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே நீந்திப் பாறை இடுக்கில் ஒதுங்கியது. மதினி அடுக்களை வாசலில் நின்று கேட்டார்: "நான்தான்யா அதுகளக் கொன்னுட்டேனா?"

"மீனு உயிரோடதான இருக்கு, பெரியம்மா," என்றார் அவர். "நான் ஒரு பெருநாளைக்கு தொட்டி இருந்த ரூமுக்கே பெயிண்ட் அடிச்சேன். ஜன்னல வேற சாத்தி வச்சுட்டேன். மறுநாள் ஒண்ணுகூட மிஞ்சல. இப்பவும் பெயிண்ட் டப்பாவப் பாத்தா எங்க வீட்ல என்னையத்தான் பாப்பாங்க."

மதினி சிரித்தார். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அப்போது கணவர் இடது கையை நீட்டினார். வாயைக் கூட்டிக் கூட்டி, மெதுவாகச் சொன்னார்: "அக்கா... சாப்... டியா?"

அவர் அவ்வளவு பேசி வெகுநாள் ஆகியிருந்தது. யாருமே சாப்பிட்டிருக்கவில்லை. மதினி தோசை வார்த்தார். எல்லோரும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் தட்டைக் கையில் வைத்தபடியே தூங்கிவிட்டேனாம். மதினிதான் எடுத்துக் கழுவினார்.

சின்ன மீன் பிழைத்துக்கொண்டது. நீலத் தொட்டியிலிருந்த உப்புத் தண்ணீரை மதினி ஊற்றிய வாசல் செம்பருத்திச் செடிதான் கருகிப்போனது. நான் எதிர்பார்த்தபடி வேலையும் குறையவில்லை. முதல் சில மாதங்கள் கண்ணாடி முழுக்கப் பழுப்புப் பாசி. உப்பு அளவு, சூடு, அம்மோனியா என்று முன்பைவிட அதிகமாகச் சோதித்தேன்.

ஆனால் ஒன்று மாறியது. அதுவரை மதினி வரும்போதெல்லாம், "நான் என்ன செய்யணும், சொல்லு" என்று கேட்பார். "ஒண்ணும் வேண்டாம், நீங்க உக்காருங்க" என்பேன். சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் நானே செய்துவிடலாம் என்று தோன்றும். நான் சும்மா இருக்கச் சொன்ன கை, சும்மா இருக்க முடியாமல்தான் அன்று நாரை எடுத்தது. அந்த வாரமே பாறையையும் தண்ணீரையும் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது வரும் நாட்களிலெல்லாம் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர்தான். "ஏட்டி, இன்னைக்கு ஒரு சொம்பா, ரெண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவார். நான் இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருப்பேன்.

தினமும் காலையில் அந்தக் கண்ணாடியைத் துளிக் கறையில்லாமல் துடைப்பது என் வழக்கம். மதினி அன்று வைத்த பொட்டுகளில் ஒன்று மட்டும் இடது மூலையில் காய்ந்து ஒட்டியிருக்கிறது. துணி அந்த இடத்துக்கு வரும்போது என் கை தானாகவே அதைச் சுற்றிக்கொண்டு போகிறது.