சாமி மேடையில் மகனின் பெட்டி

என் மகன் என்னோடு இருந்து என் கண்ணைப் பார்த்துக்கொள்கிறான் என்று ஒரு கம்பெனியே நம்பிக்கொண்டிருந்த மாதங்களில், நான் வீட்டில் தனியாகத்தான் இருந்தேன். அவன் பினாங்கில் இருந்தான். இதை எழுதும்போதே முகம் சுடுகிறது. ஆனால் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்கிற பழக்கம் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் போதும் போதும் என்கிற அளவுக்கு இருந்துவிட்டது. அதனால் முழுதாகவே சொல்கிறேன்.

ரிங்லெட் டவுனுக்கு மேலே மலையில் உள்ள எங்கள் தேயிலை எஸ்டேட்டின் பாலர் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தேன். இடது கண்ணின் ஓரம் மங்கத் தொடங்கியபோது கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் இந்தச் சொட்டு மருந்து, காலையும் மாலையும் விடாமல் போட வேண்டும், சொன்ன நாளில் கிளினிக்குக்கு வர வேண்டும் என்றார். வேலையை விட்டு நின்றேன். எஸ்டேட் கொடுத்த வீட்டை மட்டும் துரை இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.

மகனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "கண்ணுல கொஞ்சம் அழுத்தமாம், மருந்து குடுத்திருக்காங்க" என்றதோடு சரி. பிள்ளைக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்ற வீம்பு எனக்கு. அதைப் பாசம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே அவன் வந்துவிட்டான். எனக்காக ஓடி வந்திருக்கிறான் என்று பூரித்துப்போய் நெத்திலிச் சம்பல் வைத்தேன். அவன் பையிலிருந்து ஒரு சின்னப் பச்சைப் பலகையை எடுத்தான். பிஸ்கட் அளவுதான் இருக்கும். அதுவே முழுக் கம்ப்யூட்டர் என்றான். நகம் அளவு அட்டை ஒன்றை அதற்குள் சொருகி, அவனுடைய மடிக்கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்க வெள்ளை எழுத்துகளாகத் தட்டினான். இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் அடித்து, எங்கள் வீட்டு இணைப்புக்குத் தனி முகவரி வேண்டும் என்று சண்டை போட்டான். சோறு ஆறிப்போனது.

"என்னய்யா இது?" என்று கேட்டேன்.

"வி.பி.என்.மா. நான் எங்க இருந்து வேலை செஞ்சாலும், எல்லாம் முதல்ல இந்த வீட்டுக்கு வந்து, இங்க இருந்துதான் ஆபீசுக்குப் போகும். பாக்கிறவனுக்கு நான் இங்கயே இருக்கிற மாதிரி தெரியும்லா."

"எதுக்கு அப்படி?"

"வீட்ல இருந்து வேலை செய்யலாம்னு சொல்லிட்டாங்க. ஆனா சொந்த வீட்ல இருந்துதான் செய்யணுமாம். எனக்குப் பினாங்குதான் தோது."

சின்னப் பொய் என்று எனக்குத் தெரிந்தது. எந்தக் காரணத்துக்காக அந்த அனுமதி கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பாலர் பள்ளியில் ஒரு பென்சில் காணாமல் போனாலும் கேள்வி மேல் கேள்வி கேட்கிற வாய், அன்றைக்கு மூடிக்கொண்டது.

பெட்டியை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. எங்கள் மலையில் மதியமானால் இடி இடிக்கும். முதல் இடி கேட்டதுமே எஸ்டேட் வீட்டு வரிசையான லைனில் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குச் சத்தம் போகும், "பிளக்கப் புடுங்கு, பிளக்கப் புடுங்கு" என்று. டிவி, பிரிட்ஜ் எதையும் விடமாட்டோம். "நீங்க எப்பவுமே புடுங்காத பிளக் எது?" என்று கேட்டான் மகன். யோசிக்கவே வேண்டியதில்லை. சாமி விளக்கு. சேசுவின் படத்துக்கு முன்னால் எரிகிற சிவப்புச் சின்ன பல்பை இந்த லைனில் யாரும் அணைப்பதில்லை. அந்த பிளக்கிலேயே இன்னொன்றைச் சொருகி, பெட்டியைச் சாமி மேடையில் வைத்துவிட்டான். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு ஒன்று மினுக்கத் தொடங்கியது.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். சௌசௌ கொடி வேலி ஓரத்தில், தூறலில் நின்றுகொண்டு, "அம்மா, இப்ப நான் வீட்டுக்குள்ள இருக்கேன்" என்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவன் போன பிறகு அந்தப் பச்சை விளக்கோடு ஒட்டிக்கொண்டேன். அவன் வேலையில் உட்கார்ந்துவிட்டால் அது வேகமாக மினுக்கும். எழுந்து போனால் நிதானமாகிவிடும். காலையில் அது வேகம் எடுத்ததும், பிள்ளை வந்துவிட்டான் என்று தேத்தண்ணியோடு அதன் எதிரே உட்காருவேன். வீட்டில் செபக்கூட்டம் நடந்தபோது, வந்த பெண்களிடம், "என் பையன் வேலை பூரா இந்த வழியாத்தான் போவுது" என்று பீற்றிக்கொண்டேன். சாமிக்கு முன்னால் வைத்துக்கொண்டு பேசிய பேச்சு அது.

இடி பலமாக இடித்தால் எங்கள் வீட்டில் மெயின் சுவிட்ச் தானாக விழுந்துவிடும். கதவுக்கு மேலே இருக்கிற அந்தச் சுவிட்சை முக்காலி போட்டு ஏறித் தூக்கிவிட வேண்டும். கரண்ட் போன கையோடு மகன் போன் அடிப்பான். "அம்மா, சுவிட்ச தூக்கி விடுங்க." ஏறித் தூக்கிவிடுவேன். ஒரு தடவை காலையிலேயே கூப்பிட்டு, "இன்னைக்குப் பெரிய மீட்டிங்மா, எங்கயும் போயிராதீங்க" என்றான். அது என் கிளினிக் நாள். பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் புருஷன் ஓட்டுகிற முட்டைக்கோஸ் லோரியில்தான் நான் டவுனுக்குப் போவது வழக்கம். அன்று லோரி வாசலில் வந்து ஹார்ன் அடித்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மகனிடம் மூச்சு விடவில்லை. பிறகு இன்னொரு கிளினிக் நாளும் அப்படியே போனது. குப்பியில் மருந்து அடியைத் தொட்டதும் தண்ணீரை மிச்சப்படுத்துவது போல மாலையில் மட்டும் போட்டேன். கண் எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டால், "அழுத்தம் எறங்கிருச்சாம்" என்பேன்.

பள்ளி விடுமுறையில் ஒரு மதியம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஒரு தமிழ்ப் பெண்ணும் ஒரு சீனப் பையனும் இறங்கினார்கள். கையில் ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட் டின்னும் இருந்தன.

"ஆன்ட்டி, நாங்க உங்க மகன் கூட வேலை செய்றவங்க. லீவுக்கு மலைக்கு வந்தோம். உங்கள பாக்காம போக மனசு வரல. அவருகிட்ட சொல்லாம வந்துட்டோம்" என்றது அந்தப் பெண்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் வாய் ஓடியது. "இப்பதாம்மா தானா ராத்தா டவுனுக்குப் போனான். என் மருந்து வாங்க" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது பொய்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டது. "ஆபீஸ்ல எல்லாருக்கும் உங்கள தெரியும் ஆன்ட்டி. கிளினிக் கூட்டிட்டுப் போறேன்னு அடிக்கடி லீவு எடுப்பாரு. அம்மாவுக்கு மருந்து ஊத்தணும்னு மீட்டிங்ல இருந்து எந்திரிச்சுப் போவாரு. பாஸ்கூட ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எங்கம்மாவுக்கு நான் இதுல பாதிகூட செஞ்சதில்ல."

அதன் கண் கலங்கியிருந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என் கண்ணைக் காட்டித்தான் அந்த அனுமதி வாங்கியிருக்கிறான். மருந்து ஊற்றுகிற நேரத்தில் அவன் எங்கே போனானோ எனக்குத் தெரியாது. நான் கிளினிக்குக்குப் போகாமல் காவல் காத்த பெட்டி, அவன் என்னைக் கிளினிக்குக்கு அழைத்துப் போவதாகச் சொல்வதற்கு வைத்த பெட்டி. பிள்ளை செய்தது ஒரு பங்கு என்றால், நல்லாயிருக்கிறேன் நல்லாயிருக்கிறேன் என்று சொல்லி அதற்குத் தோது செய்து கொடுத்தவள் நான். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஆரஞ்சுப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீனப் பையனின் பார்வை சாமி மேடையில் போய் நின்றது. பச்சை விளக்கு அப்போது வேகமாக மினுக்கிக்கொண்டிருந்தது. மருந்து வாங்கப் போனவன் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தான். அந்தப் பையனும் அதே கம்ப்யூட்டர் தொழில் செய்கிறவன். அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கதவருகே கிடந்த ஒரே ஒரு ஜோடி செருப்பைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான், வயதானவர்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல, மரியாதையாக. "அவர் வர்ற வரைக்கும் இருப்போமா?" என்று அந்தப் பெண் கேட்டபோது, மழை வரப்போகிறது, ரோடு வழுக்கும் என்று சொல்லி அவன்தான் எழுந்தான். என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு முன்பின் தெரியாத பிள்ளை அவசரப்பட்டான். அதுதான் என்னைக் கூனிக் குறுக வைத்தது.

கார் வளைவைத் தாண்டியதும் இடி இடித்தது. லைனில் சத்தம் போனது. நான் எதையும் பிடுங்காமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த இடியில் மெயின் சுவிட்ச் விழுந்தது. சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஒன்றாக அணைந்தன. போன் அடித்தது.

"அம்மா, கரண்ட் போச்சா? சீக்கிரம் தூக்கி விடுங்கமா, பாதி வேலைல நிக்கிது."

பழக்கதோஷம், முக்காலியில் ஏறினேன். வீட்டுக்குள் மழை இருட்டு. சுவிட்ச் இருக்கிற இடம் என்று கையை நீட்டினேன்; வெறும் சுவர் தட்டுப்பட்டது. இன்னொரு பக்கம் நீட்டினேன். முக்காலி ஆடியது. மெதுவாக இறங்கிவிட்டேன்.

"முடியலய்யா. கண்ணு தெரியல" என்றேன். "நீ வந்து தூக்கி விடு."

"அழுத்தம் எறங்கிருச்சுன்னு சொன்னீங்க?" என்றான்.

"பொய் சொன்னேன். உன் கூட வேலை செய்றவங்க வந்துட்டுப் போறாங்க. நீ எனக்கு மருந்து வாங்கப் போயிருக்கேன்னு அவங்ககிட்டயும் பொய் சொன்னேன்."

அவன் போனை வைத்துவிட்டான். அக்கம்பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டுச் சுவிட்சைத் தூக்கச் சொல்லியிருக்கலாம். கூப்பிடவில்லை. மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு, அந்த மருந்தைப் போடக்கூட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவன் கார் வந்தது. நனைந்த தலையோடு உள்ளே வந்து, முக்காலிகூட இல்லாமல், எட்டிச் சுவிட்சைத் தூக்கினான். பிரிட்ஜ் உறுமியது. சாமி மேடையில் இரண்டு விளக்கும் எரிந்தன. அவன் நேரே போய்ப் பெட்டியின் வயரை உருவிக் கீழே போட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"மருந்து எங்கமா?"

பிரிட்ஜில் இருக்கிறது என்றேன். கையைக் கழுவிவிட்டுக் குப்பியை எடுத்து வந்தான். நான் நாற்காலியில் சாய்ந்து முகத்தை நிமிர்த்தினேன். குப்பி என் மூக்குக்கு நேரே வந்து, அங்கேயே நின்றது.

"எந்தக் கண்ணுமா?" என்று கேட்டான்.

நான் இரண்டையும் மூடிக்கொண்டேன்.