அண்ணி தபாலில் படித்தது

மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த அண்ணியின் கை, வாசலில் யாரோ சைக்கிளைச் சாத்தும் சத்தம் கேட்டதும் அப்படியே நின்றுபோனது இன்றும் என் கண்ணில் இருக்கிறது. அந்த நாட்களில் சைக்கிள் சத்தம் என்றாலே தந்தியோ என்று எங்கள் வீட்டில் பயம். ராணுவத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த அண்ணன் சிங்கப்பூருக்குப் போயிருந்தார். அந்த ஊர் ஜப்பான்காரர்கள் வசமான பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஆனால் வந்தவர் தந்திக்காரர் அல்ல, போலீஸ்காரர்.

"பம்பாய்லேர்ந்து உங்களுக்கு வர்ற பொட்டலத்த விழுப்புரத்துல புடிச்சி வெச்சிக்கினு இருக்காங்கம்மா. இன்ஸ்பெக்டர் ஐயா நேர்ல வரச் சொன்னாரு. ஜல்தி கெளம்புங்க" என்றார்.

அண்ணி மடியிலிருந்த கடலைத் தோலை உதறிவிட்டு எழுந்தார். "பாப்பா, நீயும் வா" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அப்போது பதினேழு வயது.

அந்தப் பொட்டலத்தில் இருந்தவை பாடங்கள். எங்கள் வீடு திண்டிவனத்தில் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய் எங்களைப் படிக்க வைத்தவர்கள். அண்ணி ஒலக்கூர்ப் பக்கத்தவர், போர்டிங்கில் தங்கிப் பத்தாவதுக்கு மேலும் படித்தவர். அண்ணன் அனுப்பும் பணம் நின்ற பிறகு, உத்தியோகம் பார்க்க வேண்டும், அதற்குச் சுருக்கெழுத்து கற்க வேண்டும் என்று தீர்மானித்தார். ஊரில் அதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தார். பெண்களைச் சேர்ப்பதில்லை என்றார். எங்கள் தெரு எது என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் அதைச் சொன்னார் என்பதை நானும் கவனித்தேன். அப்புறம்தான் பத்திரிகையில் ஒரு விளம்பரம் அண்ணியின் கண்ணில் பட்டது. பம்பாயில் ஒரு பள்ளி, வீட்டிலிருந்தபடியே தபாலில் கற்கலாம் என்று போட்டிருந்தது. அவர்கள் விலாசம் கேட்டார்களே தவிர, அது எப்படிப்பட்ட தெரு என்று கேட்கவில்லை.

அச்சடித்த பாடம் வரும். அண்ணி பயிற்சியை எழுதி அனுப்புவார். அது சிவப்பு மையில் திருத்தப்பட்டு, அடுத்த பாடத்தோடு திரும்பி வரும். திருத்துகிறவர் ஆணா பெண்ணா, கிழவரா இளைஞரா என்று எங்களுக்குத் தெரியாது. 'மெல்லிய கோடு தடித்துவிட்டது, பென்சிலைச் சீவவும்' என்று ஆங்கிலத்தில் எழுதுவார். ஒருமுறை, 'உங்கள் கை களைப்பாக இருந்தது தெரிகிறது' என்று எழுதியிருந்தார். அந்தப் பயிற்சியை அண்ணி ஜுரத்தோடு எழுதியிருந்தார். ஆனால் எவ்வளவு நல்ல வாத்தியாராக இருந்தாலும் பம்பாயிலிருந்து குரல் வராதே. சொல்லச் சொல்ல எழுதிப் பழகுவதற்கு ஒரு வாய் வேண்டும். அந்த வாய் நான்தான். பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை விளக்கு வைக்கும் நேரம்வரை வாசிப்பேன். எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்க வரும். அதனால் அண்ணிக்கும் என் தடுமாற்றத்தின் வேகம்தான் பழகியிருந்தது. ஆனால் போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு போனபோது ரயிலில் அதெல்லாம் எனக்கு நினைவில் இல்லை. அது நாற்பத்திரண்டாம் வருஷம். வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லிப் போராடுகிறவர்கள் தண்டவாளம் பெயர்க்கிறார்கள், தந்திக் கம்பியை அறுக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. வண்டி மயிலத்துக்கு அப்பால் பாதையைப் பார்த்துப் பார்த்து ஊர்ந்தது. அண்ணி ஜெயிலுக்குப் போய்விடுவார், அண்ணன் திரும்பி வந்தால் நான் என்ன சொல்வேன் என்பதுதான் என் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தது.

விழுப்புரம் போலீஸ் ஸ்டேஷனில் எங்களை உட்காரச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டரின் மேசைமேல் பொட்டலத்திலிருந்து எடுத்த ஒரு தாள் மட்டும் விரிந்திருந்தது. அண்ணி முன்பு அனுப்பி, திருத்தப்பட்டு வந்த தாள் அது. மற்றவை கட்டுப் பிரிக்காமல் கிடந்தன.

"சுருக்கெழுத்து எனக்குந் தெரியும். எங்க ஆளுங்களும் எழுதுவானுங்க. இந்தச் செவப்பு மை என்னா சொல்லுது? படி" என்றார்.

அண்ணி படித்தார். 'ஜங்ஷனுக்கு அப்பால் லைனை வெட்டிக் குறைக்கவும்' என்று அதற்கு அர்த்தம். படிக்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. விழுப்புரமே ஒரு ரயில் ஜங்ஷன்தான்.

"எந்த ஜங்ஷன்?"

"ரெண்டு கோடு சேர்ற எடங்க ஐயா. அதுக்கப்புறம் என் கோடு நீளமாப் போயிடுச்சி. அதைத்தான் சொல்றாரு."

"சொல்றவன் பேரு?"

"தெரியாதுங்க. பாத்ததில்ல."

"பேரு தெரியாத, மொகம் தெரியாத ஒருத்தன் லைனை வெட்டச் சொல்றான். நீ கத்துக்கினு இருக்க. அப்படித்தானே?" என்றவர், பத்திரிகையை எடுத்தார். ஒரு தாளும் பென்சிலும் அண்ணி பக்கம் தள்ளினார். "நான் படிக்கிறேன், எழுது. உண்மையாவே படிக்கிறவளா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

அவர் யுத்தச் செய்தியைக் கடகடவென்று வாசித்தார். என்னைப்போல இரண்டு மடங்கு வேகம் இருக்கும். அண்ணி நின்றபடியே, மேசை விளிம்பில் தாளை வைத்து எழுதினார். பென்சில் மொக்கையாக இருந்தது. அடிக்கடி கை துள்ளி முன்னால் போவதைப் பார்த்தேன். எழுதாமல் இடம் விடுகிறார் என்று புரிந்தது.

திருப்பி வாசிக்கச் சொன்னார். அண்ணி வாசித்தார். நாலைந்து சொல் வரும், அப்புறம் ஒரு நிறுத்தம். மறுபடியும் நாலைந்து சொல், மறுபடியும் நிறுத்தம். இன்ஸ்பெக்டர் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"பாதி வார்த்தையக் காணோம்."

"விட்டுட்டேங்க ஐயா. 'ஷன்'னு முடியற வார்த்தைங்க எல்லாத்தையும் விட்டுட்டேன். அதை எழுதறதுக்குத் தனியா ஒரு கொக்கி இருக்குது. அந்தப் பாடம் எனக்கு இன்னும் வரல. உங்க மேசைமேல இருக்குது" என்றார் அண்ணி. அப்புறம் சொன்னார்: "ஜங்ஷன்ங்கற வார்த்தைய எழுதக்கூட எனக்கு இன்னும் தெரியாதுங்க ஐயா."

இன்ஸ்பெக்டர் பத்திரிகையை விரலால் தடவிக்கொண்டு போனார். விட்டுப்போன சொற்கள் ஒவ்வொன்றிலும் விரல் நின்றது. அப்புறம் பொட்டலத்தின் கயிற்றை அறுத்து மேல் தாளைப் புரட்டினார். 'ஷன் கொக்கி' என்ற தலைப்பை வாய்க்குள் வாசித்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "எடுத்துக்கினு போ. இனிமே வர்றதெல்லாம் பிரிச்சிப் பாத்துட்டுதான் குடுப்போம்" என்றார்.

திரும்பும் வழியில் நான் அழுதேன், அவர் அழவில்லை. மறுநாள் சாயங்காலம் பத்திரிகையை என் மடியில் போட்டு, "அந்தாளு மாதிரி வேகமாப் படி" என்றார்.

அதன்பிறகு பொட்டலங்கள் வாய் பிளந்து, தாமதமாக வந்தன. சில தாள்கள் வரவே இல்லை. சென்னைக்குப் போய் எழுதிய முதல் பரீட்சையில் அண்ணி தவறினார். பம்பாய்க்காரர் சிவப்பு மையில் 'மீண்டும் எழுதவும்' என்று மட்டும் எழுதியிருந்தார். மீண்டும் எழுதித் தேறினார். விழுப்புரத்தில் உணவு வினியோக ஆபீசில் வேலை கிடைத்தது. தினமும் ரயிலில் போய் வந்தார். இப்போது அஞ்சல்வழியில் பட்டமே வாங்குகிறார்கள். என் பேத்தியும் அப்படிப் படிக்கிறாள், பொட்டலம் வராவிட்டால் ஒரு போன் போட்டுச் சண்டை பிடிக்கிறாள். நான் இன்னமும் தபால்காரர் ஒரு நாள் வராவிட்டால் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

யுத்தம் முடிந்து வெகுநாள் கழித்து, ஒரு மத்தியானம் அண்ணன் வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். உள்ளே பார்த்தவர், "அவ எங்க?" என்றார். ஆபீசுக்குப் போயிருக்கிறார் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சோறு போட்டேன். தொடவில்லை. சுவரில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும்போது அண்ணி வந்தார். கையில் குடை, தோளில் பை. உள்ளே ஒரு காலை வைத்தவர் அவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

கடைசியில் அண்ணி என் பக்கம் திரும்பி, "சாப்ட்டாரா?" என்று கேட்டார்.

"இல்லைங்க அண்ணி. நீங்க வரட்டும்னு உக்காந்துகினு இருந்தாரு" என்றேன்.