தெரியாத எழுத்துக்குத் தலையாட்டியது

இருபத்து நான்கு வயதுவரை எனக்குத் தமிழ் படிக்க வராது. இப்போது எழுதும் இந்த எழுத்தெல்லாம் பிறகு கற்றது. வீட்டில் பேச்சு தமிழ், பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும். புனேவில் வளர்ந்தவளுக்கு இதில் என்ன வெட்கம் என்றுதான் திரிந்தேன். கண் மருத்துவமனையில் பிசிஷியன் அசிஸ்டென்டாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் பார்ப்பதற்கு முன் நோயாளியின் பார்வையைச் சோதித்துக் குறித்துவைப்பது என் வேலை.

ஊரின் எரவாடா பகுதியிலிருந்து ஓர் அம்மா வந்தார். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண்ணாடி வேண்டும் என்றார். இந்தி பேசுவார்; படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்.

“நானும் தமிழ்தான் ஆன்ட்டி,” என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“அட, நம்ம புள்ளையா? இனி எனக்கென்ன கவலை கண்ணு!”

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுத்துத் தெரியாதவர்களுக்கென்றே, கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கையால் காட்டினால் போதும் என்ற ‘E’ அட்டை சுவரில் தொங்கியது. அதை விட்டுவிட்டு, அலமாரிக்குப் பின்னால் கிடந்த தமிழ் அட்டையைத் தூசி தட்டி மாட்டினேன். மாட்டிய பிறகுதான் உறைத்தது: அவர் சரியாகப் படிக்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்போதாவது கழற்றியிருக்கலாம். நம்ம புள்ளை என்றவரிடம் தமிழ் படிக்கத் தெரியாது என்பதா? வலது கண்ணால் கடைசிக்கு முந்தைய வரிவரை படித்தார். இடது கண்ணாலும் கணீரென்று சொன்னார். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு, இரண்டுக்கும் 6/9 என்று எழுதினேன். நல்ல பார்வை என்று அதற்குப் பொருள். கூட்டமான நாள். டாக்டர் என் குறிப்பை நம்பி, கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். நூல் இன்னும் கோக்க முடியவில்லை. டாக்டர் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தார். சர்க்கரையால் இடது விழித்திரை கெட்டிருந்தது. முன்பே கண்ணில் ஊசி மருந்து போட்டிருந்தால் இவ்வளவு பார்வை போயிருக்காது என்றார். பிறகு என் கையெழுத்தைக் காட்டி, இது எப்படி 6/9 ஆயிற்று என்று கேட்டார்.

நான் அந்த அம்மாவைத் தமிழில் கேட்டேன்.

“இந்தக் கண்ணுல அன்னைக்கே கலங்கலாத்தான் இருந்துச்சு கண்ணு. மொதக் கண்ணுல படிச்சது மனசுல நின்னுச்சா, அதையே சொன்னேன். நடுவுல மறந்துபோனதுக்கு வாய்க்கு வந்ததச் சொன்னேன். அதுக்கும் நீ தலையாட்டுனியா, சரியாத்தான் தெரியுது போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறார் என்று, தமிழ் தெரியாத டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் என் லட்சணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. சில நோயாளிகள் இப்படித்தான், ஜாக்கிரதையாக இரு என்று டாக்டர் விட்டுவிட்டார்.

“டாக்டர்கிட்ட என்ன சொன்ன கண்ணு?”

“உங்களுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தின்னு சொன்னேன் ஆன்ட்டி.”

அவர் கூச்சத்தோடு சிரித்தார். “ஆமா, பள்ளிக்கூடத்துலயே அப்படித்தான் சொல்லுவாங்க,” என்றார்.