சரிவுப் பக்கத்துக் காவல்

எங்கள் கல்லூரியின் கூடைப்பந்துத் தளத்துக்கு மூன்று பக்கம்தான் இருந்தது. நான்காவது பக்கத்தில் தேயிலை மலை தொடங்கிவிடும்.

திம்புள்ளப் பக்கத்து மலையொன்றில் ஆசிரியர் பயிற்சிக்காக நடந்த பெண்கள் கல்லூரி அது. சரிவை வெட்டிச் சமப்படுத்தி, சிமெந்து போட்டு, இரு முனையிலும் கூடைகளை நட்டிருந்தார்கள். ஒரு பக்க ஓரக்கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தால் தரை முடிந்துவிடும். அதற்குக் கீழே ஆள் உயரத்துக்கு ஒரு வெட்டு, பிறகு ஓடை வரைக்கும் தேயிலை. பந்து அங்கே போனால் கடைசியாக யார் கை பட்டதோ அவள்தான் இறங்கி எடுத்து வர வேண்டும். அது எங்கள் சட்டம். போய்வரக் கால் மணி நேரம் பிடிக்கும். மழை நாளென்றால் காலில் நாலைந்து அட்டையும் கூடவே ஏறி வரும்.

கடைசி வருடப் போட்டி முடியும்வரை நான் ஒரு முறைகூட இறங்கியதில்லை. இதை எழுதும்போதும் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்க்கிறது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் அணித் தலைவி. சரிவுப் பக்கத்தைக் காப்பவளும் நானே. பாதி ஆட்டத்தில் கூடை மாறினாலும் நான் சரிவுப் பக்கத்துக்கே மாறிக்கொள்வேன். என் வித்தை ஒன்றுதான். பந்தோடு வருகிறவளை மறித்து நிற்காமல், மெல்ல மெல்ல ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போவேன். ஓரம் வந்ததும் அவளுடைய கண் பள்ளத்துக்குப் போகும், கால் தயங்கும், பந்தைப் பின்னால் எறிந்துவிடுவாள். வெளியூர் அணியில் ஒரு பெண் அந்த ஓரத்தில் பந்தை விட்டுவிட்டுத் தரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தத் தளத்தில் என் பக்கமாகப் போய் எவளும் கூடை போட்டதில்லை. பொகவந்தலாவைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அம்மா இதைச் சொல்லாத வீடு கிடையாது.

ஒரு முறை கல்லூரி நிர்வாகம் அந்தப் பக்கம் வேலி போட இரும்புக் குழாயும் கம்பி வலையும் கொண்டுவந்து இறக்கியது. வேண்டாம் என்று சொன்னவள் நான். “வேலி போட்டா நம்ம பலமே போயிரும் மிஸ்” என்றேன். எங்களுக்கு விளையாட்டுப் பாடம் எடுத்த விரிவுரையாளரைத்தான் மிஸ் என்போம். பயிற்சியும் அவர்தான். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டார். குழாய்கள் விடுதிக்குப் பின்னால் கிடந்தன. நாங்கள் அவற்றின் மேல் துணி காயப் போட்டோம்.

ஒவ்வொரு வருடமும் மாகாணப் போட்டியில் அரையிறுதியோடு திரும்பி வருவது எங்கள் வழக்கம். ஏன் தோற்றோம் என்று கேட்டால் பஸ் பயணம், சாப்பாடு, நடுவர் என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். என் கடைசி வருடத்தில் அணி நன்றாகத் தேறியிருந்தது. உயரமான இருவர், குறி தவறாத ஒருத்தி, சரிவுப் பக்கத்தில் நான். இந்த முறை கப் நமக்குத்தான் என்று சமையல்கார அக்கா வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அதற்கு மேல் ஒரு ஆசை இல்லை. கப்பைக் கையில் வாங்குகிறவள் நானாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு, போட்டி நடக்கவிருந்த அதே கண்டி உள்ளரங்கில் ஒரு நட்பு ஆட்டம் வைத்தார்கள். பலகைத் தரை, நான்கு பக்கமும் சுவர். எதிரணியில் ஏழாம் இலக்கச் சட்டை போட்ட ஒல்லிப் பெண் ஒருத்தி என் பக்கமாக வந்தாள். வழக்கம்போல ஓரத்துக்குத் தள்ளினேன். அவள் தயங்கவில்லை. கோட்டை ஒட்டியே ஓடி, மூலையில் திரும்பி, கூடைக்குக் கீழே போய்ப் பந்தைப் போட்டுவிட்டு வந்தாள். மூன்று முறை இப்படி நடந்தது.

ஆனால் அன்று எங்கள் குறி தவறாதவள் எறிந்ததெல்லாம் கூடையில் விழுந்தது. இரண்டு புள்ளியில் ஜெயித்துவிட்டோம். ஜெயித்த ஆட்டத்தில் ஓட்டையை யார் தேடுவார்கள்? தோழிகள் முழு ஆட்டத்தையும் போனில் எடுத்து, மார்தட்டிக்கொண்டு ஃபேஸ்புக்கில் போட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் முதல் வருடத் தங்கச்சி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நோட்டன் பிரிட்ஜ்காரி. மின்நிலையக் குவாட்டர்ஸ் பக்கத்துச் சமதரையில் விளையாடிப் பழகியவள். அணியில் மாற்று ஆள், என் இடத்துக்கு.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க” என்று தொடங்கினாள். “அந்த ஏழாம் நம்பர் மூணு தடவையும் ஒங்க பக்கமாத்தான் போனா. நீங்க ஓரத்துக்குத் தள்ளிவிடுறீங்க. அங்க ஓரத்துல பள்ளம் இல்லீங்களே.”

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்கோ கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

“நீ வந்து எத்தன மாசம் ஆச்சு? அதுக்குள்ள எனக்குப் படிச்சுக் குடுக்க வந்துட்டியா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் பயிற்சியில் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஓரத்தில் அவளோடு மோதும்போது என் விரல் நுனியால் பந்தைத் தட்டி வெளியே விட்டேன். “ஒன் கைதான் கடைசி” என்றேன். தலைவி சொன்னால் சொன்னதுதான். அவள் சரிவில் இறங்கினாள். அன்று மூன்று முறை. அந்த வாரம் முழுக்க தினமும். ஒரு முறையாவது எதிர்த்துப் பேசுவாள் என்று பார்த்தேன். பேசவே இல்லை. அது என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

என் ஆட்டம் என் ஆட்டம் இல்லை, அந்தப் பள்ளத்தின் ஆட்டம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மிஸ்ஸிடம் சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரியும். என் இடத்தில் இவளை இறக்குவார். சொல்லாவிட்டால் போட்டியில் யாராவது அந்த ஓரத்தைக் கண்டுபிடிப்பார்கள், அணியே கவிழும். கண்டுபிடிக்காமலும் போகலாம் இல்லையா? அந்த ‘லாம்’ என்பதைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு வாரமும் சாப்பிட்டேன், தூங்கினேன். ஒரு மாலை மிஸ்ஸின் அறைக் கதவு வரைக்கும் போனேன்.

“என்ன புள்ள?” என்றார்.

“தண்ணிப் போத்தல் பத்தாதுங்க மிஸ்.”

போத்தல்கள் தாராளமாக இருந்தன.

போட்டியன்று காலை ஆட்டங்களைச் சுலபமாக ஜெயித்தோம். அந்த அணிகளுக்கு என்னைத் தெரியாது. பிற்பகல் அரையிறுதியில் எதிரே வந்து நின்றது நட்பு ஆட்டத்தில் தோற்ற அதே கண்டி அணி. முதல் பாதியில் ஒன்பது புள்ளி முன்னால் இருந்தோம். இடைவேளையில் பார்த்தேன். அவர்களுடைய பயிற்சியாளர் ஒரு போனை நீட்டிப் பிடித்திருந்தார். ஏழாம் இலக்கக்காரி அதைப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தாள். எங்கள் வீடியோவேதான்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் அவள் என் பக்கம் வந்தாள். ஓரம், மூலை, கூடை. மறுபடி வந்தாள், மறுபடி போட்டாள். மறித்து நிற்க வேண்டும் என்று மூளை சொல்கிறது. கால் கேட்கவில்லை. ஆளைக் கண்டதும் அது தானாக உள்பக்கம் நகர்ந்து ஓரத்தைத் திறந்துவிடுகிறது. இல்லாத பள்ளத்தை நம்பி நின்றேன்.

ஒன்பது புள்ளி முன்னிலை ஒன்றாகச் சுருங்கியது. அப்போது நடுவர் எதற்கோ விசில் ஊதினார். ஆட்டம் நின்றது. மிஸ் கோட்டருகே வந்து என்னைக் கூப்பிட்டார்.

“முடியுமா புள்ள?”

பெஞ்சில் தங்கச்சி எழுந்து நின்றிருந்தாள். மேல்சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு வாய் வந்தது.

“முடியும் மிஸ்.”

ஆட்டம் நின்றால்தான் ஆளை மாற்ற முடியும். அடுத்த விசில் வருவதற்குள் ஏழாம் இலக்கக்காரி இரண்டு முறை என் ஓரமாகப் போய் இரண்டு கூடை போட்டாள். நான்கு புள்ளி.

விசில் ஊதியதும் நானே ஓடினேன். “என்னால முடியல மிஸ். அந்த ஓரத்த எனக்குக் காக்கத் தெரியாது. இவள எறக்குங்க.”

“எப்ப இருந்து தெரியும்?”

“நட்பு ஆட்டத்துலயே.”

மிஸ் என்னை ஒரு கணம் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. திரும்பி அவளுக்குக் கை காட்டினார்.

அவள் செய்தது ரொம்பச் சின்ன வேலை. ஒரு காலைக் கோட்டின் மேலேயே வைத்து, ஓரத்தை அடைத்துக்கொண்டு நின்றாள். ஏழாம் இலக்கக்காரி வந்தாள், வழி இல்லை, பந்தைப் பின்னால் எறிந்தாள். அதன் பிறகு அந்தப் பக்கமாக ஒரு புள்ளியும் போகவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன், புள்ளிப் பலகையைப் பார்த்தேன், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். நாங்கள் போட்டோம், அவர்களும் மறுபக்கமாகப் போட்டார்கள். ஆட்டம் முடிந்தது.

மூன்று புள்ளியில் தோற்றோம். இரண்டு விசிலுக்கு நடுவே நான் விட்டது நான்கு.

கல்லூரியில் என்னை யாரும் குறை சொல்லவில்லை. அதுதான் கொடுமை. கூட்டத்தில் கல்லூரி அதிபர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, அணிக்காகத் தன் இடத்தையே விட்டுக்கொடுத்த தலைவி என்று புகழ்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். தங்கச்சியும் தட்டினாள். நின்ற இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மிஸ் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே அவரிடம் போனேன். “வேலி போட்டுருவோம் மிஸ்.”

“இப்பத்தானா?” என்றார்.

குழாய்களைத் தூக்கிப் பார்த்தோம். அடியெல்லாம் துரு. துரு சுரண்டிப் பெயின்ட் பூச ஆள் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். நான் காத்திருக்கவில்லை. மாலை தங்கச்சியைத் தளத்துக்குக் கூப்பிட்டேன்.

“பந்த எடுத்துக்கிட்டு என் பக்கமா வா. மெதுவா ஓடாத.”

அவளைப் போலவே கோட்டின் மேல் ஒரு காலை வைத்தேன். அந்த ஓரத்தில் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நான் நின்றது அன்றுதான் முதல் தடவை. முதுகெல்லாம் சில்லிட்டது. வந்த பெண்களையெல்லாம் இந்த இடத்துக்குத்தானே தள்ளினோம் என்று நினைத்தேன்.

அவள் வேகமாக வந்தாள். நான் நகரவில்லை. பந்து என் முழங்கையில் பட்டுத் தெறித்து, என் தோளுக்கு மேலாகச் சரிவில் போய் விழுந்தது. அவள் பழக்க தோஷத்தில் இறங்கப் போனாள்.

“நில்லு. என் கைதான் கடைசி.”

வெட்டில் உட்கார்ந்து சறுக்கி இறங்கினேன். கொழுந்து எடுக்கிறவர்கள் அன்றைய கடைசி நிரையில் நின்றிருந்தார்கள். பந்து ஒரு அக்காவிடம் இருந்தது. என்னைக் கண்டதும் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“என்னங்க டீச்சர், இன்னைக்கி நீங்களா? எப்பவும் அந்தச் சின்னப் புள்ளதான வரும்.”

சும்மா சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். முடியவில்லை.

“அவ கையில படாத பந்தையெல்லாம் அவள எடுக்க வச்சேங்க அக்கா.”

“அது எங்களுக்குத் தெரியுங்க” என்றார், பந்தைத் துடைத்து என் கையில் கொடுத்தபடியே. “கீழ இருந்து பாத்தா யார் கை படுதுன்னு நல்லா தெரியும். அந்தப் புள்ளகிட்டயும் சொன்னோம், போயி சண்ட போடுன்னு. அவதான் வேணாம்னுட்டா. அக்காவுக்கு இது கடைசி வருசம், வெளையாடிட்டுப் போகட்டும்னு சொன்னா.”

பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். வெட்டின் மேலே அவள் குனிந்து, என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.