அந்திக்குக் காத்திருந்த ஊசி

வங்கதேசத்து ஜமுனை நதியின் மணல்தீவுகளில் இருபத்தாறு வருடம் நடந்தவள் நூர்பானு. அவள் செருப்பில் ஒட்டிய மணலைக் குவித்திருந்தால் இந்நேரம் எங்களுக்கும் ஒரு மலை கிடைத்திருக்கும். குடும்பக்கட்டுப்பாட்டுப் படங்களைப் பக்கம் பக்கமாகத் தைத்த அவளுடைய பெரிய அட்டையை ஆற்று மீன்களுக்கே அடையாளம் தெரியும். படகு கவிழ்ந்து மூன்று முறை படித்திருக்கின்றன.

எங்கள் ஆண்கள் டாக்காவில் ரிக்‌ஷா மிதிப்பவர்கள். ஈத் பெருநாளுக்குத்தான் ஊர் திரும்புவார்கள். புருஷன் இல்லாத வீட்டில் கருத்தடை ஊசி எதற்கு என்று பெண்கள் வருடம் முழுக்கக் கையை நீட்ட மாட்டார்கள். ஈத் நெருங்கியதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேண்டும். குடும்பநல அலுவலகமோ, போன காலாண்டில் எத்தனை பேர் போட்டார்களோ அத்தனை குப்பிதான் அனுப்பும். "பிறையைப் பார்த்து அனுப்புங்க சார்" என்று நூர்பானு எட்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் முப்பத்தொரு பெண்களுக்கு நாலு குப்பி வந்தது. மூன்றைப் போட்டுவிட்டு, கடைசி ஒன்றை ஜொய்குனுக்காகப் பத்திரப்படுத்தினாள். ஐந்தாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய்ப் பிழைத்து வந்தவள் ஜொய்குன். இன்னொன்று உண்டானால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை கொடுத்தால் மாமியார் பெட்டியைக் கிளறி ஆற்றில் வீசுவாள். ஊசியை யாரும் கிளற முடியாது.

படகோட்டி கோலிமுத்தீன் வழியெல்லாம் சிரித்தான். "என்ன ஊசிக்காரி அக்கா, ஆம்பளைங்க வர்றதுக்குள்ள ஓட்டமா? நாளைக்கில்ல வர்றாங்க!"

"நீ துடுப்பப் போடு. உன் வீட்டு ஏழு பிள்ளைங்களுக்கும் ஆபீஸ்ல நான் இன்னும் பதில் சொல்லிட்டிருக்கேன்."

ஜொய்குன் வைக்கோல்போருக்குப் பின்னால் வந்து நின்றாள். குப்பியைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நோன்பு இருக்கேன் அக்கா. ஊசி போட்டா முறிஞ்சிரும்."

"முறியாதுடி. சோறா ஏத்தறேன்? இமாமே சொல்லிட்டாரு."

"அவரா அல்லாகிட்ட எனக்குப் பதில் சொல்லுவாரு? நீ அந்திக்கு வா. பாங்கு சொன்னதும் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு ஓடியாறேன். அத்தை தொழுகையில இருப்பாங்க."

நூர்பானு அட்டையைப் புரட்டினாள். சிரிக்கும் அப்பா, சிரிக்கும் அம்மா, சிரிக்கும் இரண்டு பிள்ளைகள். நோன்பு பற்றிய பக்கம் அதில் இல்லை. டாக்காவில் வரைந்தவருக்கு அது தோன்றவில்லை போலும். ஆணுறைப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள். "இதை அவருகிட்ட யாரு குடுக்கறது? நீயா?" என்றாள் ஜொய்குன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கடைசிப் படகு அந்திக்கு முன்பே போய்விடும். போகட்டும் என்று நூர்பானு உட்கார்ந்துவிட்டாள்.

பாங்கு கேட்டது. சொன்னபடியே ஜொய்குன் உதட்டில் ஈரத்தோடு ஓடி வந்தாள், ஜாக்கெட் கையை மேலே சுருட்டினாள். நூர்பானு குப்பியைக் குலுக்கினாள்.

"அம்மா! அப்பா வந்துட்டாரு! அப்பா!"

பிள்ளைகள் போரைச் சுற்றி ஓடி வந்து ஜொய்குனின் முந்தானையைப் பிடித்தார்கள். பின்னாலேயே முக்லேஸ், தோளில் பையோடு. லாரியில் இடம் கிடைத்ததாம், ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டான். ஜொய்குன் சுருட்டிய துணியை இறக்கிவிட்டாள். நூர்பானு குப்பியை உள்ளங்கையில் மறைத்தாள்.

"பிள்ளைங்க தடுப்பூசித் தேதி சொல்ல வந்தேன் தம்பி."

"நோன்பு திறந்துட்டுத்தான் போகணும் அக்கா." நல்ல பையன். மனைவிக்குப் பச்சைச் சேலை வாங்கி வந்திருந்தான்.

மாமியார் பொரியும் கொண்டைக்கடலையும் வைத்தாள். நூர்பானு ஒரு கையால் சாப்பிட்டாள். மறு கைக்குள் குப்பி சூடேறிக்கொண்டிருந்தது. ஜொய்குன் சர்பத் ஊற்றியபோது ஒரே ஒரு தடவை அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு புதுச் சேலையைப் பிரிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் பகலில் மறுபடி நோன்பு. அந்தியில் முக்லேஸ் மனைவியை விட்டு நகரவில்லை. அந்தக் குப்பி வேறொருத்தி கைக்குப் போயிற்று.

ஈத் முடிந்து ஆண்கள் கிளம்பிய பிறகு நாலு பெட்டி மருந்து வந்தது. நூர்பானு முதல் படகிலேயே போனாள். வைக்கோல்போருக்குப் பின்னால் ஜொய்குன் வந்து நின்றாள், கையைச் சுருட்டவில்லை.

"பத்து நாள் தள்ளிப் போச்சு அக்கா."

நூர்பானு பெட்டியை மூடினாள். அட்டையை எடுத்து, சிரிக்கும் குடும்பத்தைத் தாண்டி, கர்ப்பிணிக்கு எந்தெந்த அறிகுறி ஆபத்து என்று போட்டிருந்த பக்கத்தை விரித்தாள். முதல் படத்தில் விரலை வைத்துச் சொல்ல ஆரம்பித்தாள். ஜொய்குனுக்கு அது மனப்பாடம். ஆனாலும் புதிதாகக் கேட்பவள்போல் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.